நம்ம ஆள் முறைத்தால் உறுதி, எதிராளி முறைத்தால் திமிர்: அமெரிக்க விவாத மேடையும் நிதானமும்

திண்ணைவாசி:

2024 செப்டம்பர் 10, பிலடெல்பியா விவாதம். டிரம்ப் பேசப் பேச, கமலா ஹாரிஸ் முகவாயில் கைவைத்துக்கொண்டு, புருவத்தை உயர்த்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றது பலருக்கு நினைவிருக்கும். அவருடைய மைக் அணைக்கப்பட்டிருந்தது. ஆனால் திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டியதால் முகம் தெரிந்துகொண்டே இருந்தது. ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். ஒரு வார்த்தை பேசாமல் ஆளைக் காலி செய்துவிட்டார், என்ன ஒரு நிதானம் என்றார்கள். குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு அதே முகம் ஏளனமாகவும் ஒத்திகை பார்த்த நடிப்பாகவும் தெரிந்தது.

இப்போது 2000 அக்டோபர் 3-க்குப் போவோம். பாஸ்டன். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் பேசும்போதெல்லாம் அல் கோர் மைக்கில் கேட்கும்படி பெருமூச்சு விட்டார், தலையை ஆட்டினார், கண்ணை உருட்டினார். குடியரசுக் கட்சிக்காரர்கள் வகுப்பில் எல்லாம் தெரிந்த பையனின் திமிர் என்றார்கள். எதிராளி சொல்லும் வரிக் கணக்கு உதைக்கிறது, மனிதர் பெருமூச்சு விடாமல் என்ன செய்வார் என்று மறு தரப்பு கேட்டது.

எதிராளி பேசும்போது முகத்தாலேயே மறுப்புச் சொல்வதுதான் இரண்டு இடத்திலும் நடந்தது. பார்த்தவர்களில் யாரும் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவரவருக்கு உண்மையாகவே அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

அதனால் என் சந்தேகம் இதுதான். நிதானம் என்று நாம் மதிப்பெண் போடுவது முகத்தைப் பார்த்தா, அந்த முகம் எந்தக் கட்சிக்குச் சொந்தம் என்பதைப் பார்த்தா? தன் கட்சி வேட்பாளர் சறுக்கியதைத் தன் கட்சிக்காரரே ஒப்புக்கொண்ட இடங்கள் தெரிந்தால் அவசியம் எழுதுங்கள், எனக்கு அவைதான் வேண்டும். யாருடைய வரிக் கொள்கை சரி என்பதற்கு வேறு இழைகள் இருக்கின்றன, இங்கே வேண்டாம்.

ஓரப்பார்வை:

இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை. ஹாரிஸ் எதைக் கேட்டு அப்படிப் பார்த்தார்? ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்தில் குடியேறிகள் நாயைத் தின்கிறார்கள் என்று எதிரே நிற்பவர் சொல்கிறார். அதற்கு முகம் சுளிக்காமல் நின்றிருந்தால்தான் ஏதோ கோளாறு. அங்கே நிதானமாக இருந்தது ஒரே ஒருவர்தான், அதைச் சொல்வதற்குக் கட்சிக்காரராக இருக்க வேண்டியதில்லை.

சும்மாவந்தவன்:

திண்ணைவாசி கேட்ட சான்று முதல் பதிலிலேயே வந்துவிட்டது. இழையை மூடிவிடலாமா?

வலதுகைக்காரன்:

மூட வேண்டாம், நானும் கொஞ்சம் சான்று தருகிறேன்.

அந்த விவாதத்தில் டிரம்ப் குரலை உயர்த்தினார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நெறியாளர்கள் டேவிட் மியூரும் லின்சி டேவிஸும் அவரைத் திருத்தின மாதிரி அவரை எதிர்த்தவரைத் திருத்தவில்லை. மூன்று பேர் ஒருவரோடு மோதினால் அந்த ஒருவர் சூடாகத்தான் தெரிவார். 2012-இல் ஒபாமா, ரோம்னி இரண்டாவது விவாதத்தில் நெறியாளர் கேண்டி க்ரௌலி குறுக்கிட்டு, பெங்காசி விஷயத்தில் (லிபியாவில் அமெரிக்கத் தூதரக வளாகம் தாக்கப்பட்டது) ரோம்னி சொன்னதை அந்த இடத்திலேயே திருத்தினார். ரோம்னியைப் போல அடக்கமான மனிதர்கூட அந்த நிமிடத்தில் தடுமாறினவராகத் தெரிந்தார். முகத்தை அளப்பதற்கு முன்னால் அந்த முகத்துக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அப்புறம் ஓரப்பார்வைக்கு ஒன்று. முகபாவனை பற்றிப் பேசுவதென்றால் 2012 அக்டோபர் 11, டான்வில், துணை அதிபர் வேட்பாளர் விவாதத்தைப் பேசுவோம். குடியரசுக் கட்சியின் பால் ரயன் பேசும்போது பைடன் சிரித்தார், பல்லைக் காட்டினார், கையை விரித்தார், கூரையைப் பார்த்தார். தொண்ணூறு நிமிடமும் அதுதான். 2016-இல் டிரம்ப் குறுக்கே பேசியபோது நாகரிகம் போயிற்று என்று அழுத அதே ஆட்கள் அன்றைக்கு என்ன சொன்னார்கள்? ‘பழைய ஜோ திரும்பி வந்துவிட்டார்’ என்று துள்ளினார்கள்.

ஓரப்பார்வை:

அந்தச் சிரிப்பு ரயனின் கணக்குக்காகச் சிரித்தது. வரி விலக்குகளில் எதை நீக்குவீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை. நெறியாளர் மார்தா ராடட்ஸே கேட்டுப் பார்த்தார், வரவில்லை. சிரிக்காமல்?

வலதுகைக்காரன்:

கோரின் பெருமூச்சுக்கும் இதே பதில்தான் வந்தது என்று திண்ணைவாசி மேலே எழுதியிருக்கிறார். படித்துப் பாருங்கள்.

பழையரேடியோ:

இந்தப் பேச்சு வந்தால் யாராவது 1960-ஐ எடுப்பார்கள், அதற்குள் நானே எடுத்துவிடுகிறேன். எல்லோரும் சொல்லும் கதை இது: செப்டம்பர் 26, சிகாகோ ஸ்டூடியோ. முழங்கால் தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் இருந்து மீண்ட நிக்சன் வெளிறிப்போய், வியர்த்து, சாம்பல் கோட்டில் பின்னணியோடு கலந்து நிற்கிறார். கென்னடி அலட்டாமல் நிற்கிறார். வானொலியில் கேட்டவர்களுக்கு நிக்சன் வென்றார், தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குக் கென்னடி வென்றார்.

இதில் முதல் பாதி சரி. பின்பாதிக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது சிண்ட்லிங்கர் என்ற நிறுவனம் எடுத்த ஒரு கணிப்பு. அதில் வானொலி கேட்டவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. 1987-இல் வான்சில், பெண்டெல் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் தோண்டிப் பார்த்து, அந்த எண்ணிக்கையை வைத்து இவ்வளவு பெரிய கதை கட்ட முடியாது என்று எழுதினார்கள். அவர்கள் கேட்ட இன்னொரு கேள்விதான் இந்த இழைக்குத் தேவை. 1960-இல் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்பதுக்குத் தொலைக்காட்சி வந்துவிட்டது. அப்போதும் வானொலியில் கேட்டவர்கள் யார்? தொலைக்காட்சி எட்டாத கிராமப்புறத்தவர்கள் அதிகம் இருந்திருக்கலாம். கத்தோலிக்கரான கென்னடியைப் பற்றித் தயக்கம் உள்ள பகுதிகளாக அவை இருந்திருந்தால், விவாதம் தொடங்கும் முன்பே அவர்கள் நிக்சன் பக்கம்தான்.

ஆக, முகம் தோற்கடித்ததற்கு உதாரணம் என்று அறுபது ஆண்டுகளாக நாம் சொல்லிவரும் கதையே கட்சிச் சாய்வின் கதையாக இருக்க வாய்ப்பு இருக்கிறது.

ஆனால் படத்துக்கு வலுவே இல்லை என்று தாண்டிப் போய்விட வேண்டாம். ஜேம்ஸ் ட்ரக்மன் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் அதே விவாதத்தைச் சிலருக்கு ஒலியாக மட்டும், சிலருக்குப் படத்தோடு போட்டுக் காட்டினார். படத்தோடு பார்த்தவர்கள் கென்னடி வென்றதாகச் சொல்வது கூடியது. அவர்களுக்கு நிக்சன் மேலோ கென்னடி மேலோ பழைய பாசமோ பகையோ கிடையாது. ஒட்டுதல் இல்லாதவரிடம் முகம் வேலை செய்கிறது. ஒட்டுதல் உள்ளவரிடம்தான் முகத்துக்கு முன்னால் கட்சி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எதிர்வெயில்:

பழையரேடியோ ஐயா, நல்ல பதிவு. இதோடு 1951 கால்பந்து ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரின்ஸ்டனும் டார்ட்மத்தும் ஆடிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம், நவம்பர் 23. ரொம்பக் கரடுமுரடான ஆட்டம். பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. ஹேஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற உளவியலாளர்கள் இரு கல்லூரி மாணவர்களுக்கும் ஒரே படச்சுருளைப் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். பிரின்ஸ்டன் மாணவர்கள் தங்கள் அணி செய்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான மீறல்களை டார்ட்மத் அணியிடம் கண்டார்கள். டார்ட்மத் மாணவர்கள் கண்ணில் இரண்டு அணியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

கவனியுங்கள், அவர்களைக் கருத்துச் சொல்லச் சொல்லவில்லை. எண்ணத்தான் சொன்னார்கள். எண்ணிக்கையே மாறிவிட்டது. விவாதத்தில் யார் எத்தனை முறை குறுக்கிட்டார் என்று சண்டை போடுகிறோமே, அது இதுதான்.

சும்மாவந்தவன்:

இருந்தாலும் 2020 டிரம்ப், பைடன் கிளீவ்லாந்து விவாதத்தில் எண்ணிக்கை தேவைப்படவில்லை என்றே நினைக்கிறேன். நெறியாளர் கிறிஸ் வாலஸ் கிட்டத்தட்டக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

திண்ணைவாசி:

அதே இரவில்தான் பைடன் ‘கொஞ்சம் வாயை மூடுகிறீர்களா’ என்றார். அலங்காரம் இல்லாமல், அதிபரைப் பார்த்து. நான்கு ஆண்டுகளாக மேடை நாகரிகம் பற்றிப் பேசிவந்த தரப்பு அதை என்ன செய்தது தெரியுமா? பிரசாரக் குழுவே அந்த வாக்கியத்தை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்றது. நான் குறை சொல்லவில்லை, அந்த இடத்தில் பலருக்கு அப்படிச் சொல்லத் தோன்றியிருக்கும். ஆனால் அதே வாக்கியத்தை எதிராளி சொல்லியிருந்தால் டி-ஷர்ட் எந்தப் பக்கம் அச்சாகியிருக்கும் என்று யோசித்தால் போதும்.

நெறியாளர் பற்றி வலதுகைக்காரர் சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது, ஒதுக்க மாட்டேன். எதிரே இருப்பவர் கடுமையாகக் கேட்டால் பதில் சொல்பவர் பதற்றமாகத் தெரிவார். ஆனால் அந்த வாதம் தோற்ற இரவில் மட்டும்தான் வெளியே வருகிறது. 2024 ஜூன் 27 அட்லாண்டாவில் நடந்த டிரம்ப், பைடன் விவாதத்தில் நெறியாளர்கள் யாரையும் திருத்தவில்லை. அன்று அதைக் குறையாகச் சொன்னது ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்கள். செப்டம்பரில் நெறியாளர்கள் திருத்தினார்கள், குறை சொன்னது மறு தரப்பு.

பழையரேடியோ:

நெறியாளரை விடவும் கேமராதான் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிகிறது. 2004 செப்டம்பர் 30, கோரல் கேபிள்ஸ், புஷ், ஜான் கெர்ரி விவாதம். ஒருவர் பேசும்போது மற்றவரின் முகத்தைக் காட்டக் கூடாது என்று இரு தரப்பும் சேர்ந்து எழுதிய ஒப்பந்தத்திலேயே இருந்தது. தொலைக்காட்சி நிறுவனங்கள் நாங்கள் கையெழுத்துப் போடவில்லையே என்று திரையைப் பிரித்துக் காட்டின. ஜான் கெர்ரி பேசப் பேச புஷ் முகம் கோணியது, எரிச்சலில் உதட்டைச் சுழித்தது எல்லாம் வெளியே வந்தது. ஒப்பந்தப்படி நடந்திருந்தால் அன்றிரவு அந்த முகமே இல்லை.

வேடிக்கை, நான்கு ஆண்டுகளுக்கு முன் கோரின் பெருமூச்சைக் கேலி செய்தவர்கள் புஷ்ஷின் முகத்துக்குச் சொன்ன விளக்கம்: ‘மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாதவர்.’ பெருமூச்சை நியாயப்படுத்தியவர்கள் இப்போது: ‘எதிர்ப்பே கேட்டுப் பழகாதவர், பொறுமை இல்லை.’ சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கோர் விஷயத்தில் இன்னொன்று. பாஸ்டன் விவாதம் முடிந்த கையோடு எடுத்த கணிப்புகளில் பல, கோர் நன்றாகச் செய்ததாகவே காட்டின. பெருமூச்சுகளை மட்டும் வெட்டி ஒட்டி அடுத்த சில நாட்கள் ஓட்டினார்கள், நகைச்சுவை நிகழ்ச்சிகளும் சேர்ந்துகொண்டன. தொண்ணூறு நிமிடத்தில் ஆங்காங்கே சிதறிக் கிடந்த மூச்சை ஒரு நிமிடத்தில் அடுக்கினால் யாரும் தாங்க மாட்டார்கள். 1992 ரிச்மண்டில் தந்தை புஷ் கடிகாரம் பார்த்ததும் இப்படித்தான், ஒரு விநாடிக் காட்சி முப்பது ஆண்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

1976-ஐயும் சொல்லிவிடுகிறேன், இது வெறும் ரசனைக்காக. பிலடெல்பியாவில் ஃபோர்டு, கார்ட்டர் விவாதத்தில் ஒலி போய்விட்டது. 27 நிமிடம். இருவரும் அவரவர் மேடையில் நின்றபடியே, ஒருவரோடு ஒருவர் பேசாமல், உட்காரவும் செய்யாமல் காத்திருந்தார்கள். நேரலையில். யார் முதலில் அசைகிறாரோ அவர் தோற்றார் என்று நினைத்தார்களோ என்னவோ. நிதானம் என்ற பெயரில் நடந்த நாடகத்துக்கு அதைவிடச் சுத்தமான காட்சி வேறு கிடையாது.

எதிர்வெயில்:

எல்லோரும் சூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நிதானமே குற்றமான கதையும் இருக்கிறது. 1988 அக்டோபர் 13, லாஸ் ஏஞ்சல்ஸ். சிஎன்என் நெறியாளர் பெர்னார்ட் ஷா (நாடகாசிரியர் இல்லை) முதல் கேள்வியே இப்படிக் கேட்டார்: உங்கள் மனைவி கிட்டி டுகாகிஸ் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டால், கொலையாளிக்கு மரண தண்டனை கேட்பீர்களா? ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸ் முகம் மாறாமல், மாட்டேன், வாழ்நாள் முழுக்க மரண தண்டனையை எதிர்த்தே வந்திருக்கிறேன் என்று ஆரம்பித்துக் கொள்கை விளக்கம் கொடுத்தார். பதறவில்லை, குரல் உயரவில்லை, கேட்டவரிடம் கோபப்படவும் இல்லை. பாடப்புத்தக நிதானம். அதனாலேயே ரத்தமில்லாத மனிதர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவர் சொன்னது அவருடைய உண்மையான நிலைப்பாடு, பல ஆண்டு மாறாதது. யாருக்கும் அது பொருட்டாகவில்லை.

அமெரிக்காவை விட்டு வெளியேயும் ஒன்று பாருங்கள். 2007 மே 2, பிரான்ஸ் அதிபர் தேர்தல் விவாதம். மாற்றுத்திறன் குழந்தைகளின் பள்ளிப் படிப்பைப் பற்றி நிக்கோலா சர்கோசி உருக்கமாகப் பேசினார். அந்தத் திட்டத்தை நீங்கள் இருந்த அரசுதானே குலைத்தது என்று செகோலன் ருவாயால் வெடித்தார். சர்கோசி ‘அமைதியாக இருங்கள், விரலை நீட்டாதீர்கள்’ என்றார். ‘முடியாது, அமைதியாக மாட்டேன்’ என்றார் இவர். அதிபராக இருப்பவர் அமைதியாக இருக்க வேண்டும் என்று சர்கோசி சொன்னதற்கு, அநியாயம் நடக்கும்போது வரும் கோபம் ஆரோக்கியமான கோபம் என்று பதில் கொடுத்தார். சோஷலிஸ்டுகளுக்கு அது ருவாயாலின் மிகச் சிறந்த நிமிடம். வலதுசாரிகளுக்கு, இந்த அம்மாவிடம் நாட்டைக் கொடுக்க முடியாது என்பதற்கு ஆதாரம்.

‘அமைதியாக இருங்கள்’ என்று ஒரு ஆண் ஒரு பெண்ணிடம் மேடையில் சொல்வதும், அதே வார்த்தையை ஆண் ஆணிடம் சொல்வதும் ஒன்றா? கட்சிக் கண்ணாடி மட்டும் இல்லை, இன்னொரு கண்ணாடியும் இருக்கிறது.

வலதுகைக்காரன்:

இதோ வந்துவிட்டது. பெண் என்றால் விமர்சிக்கக் கூடாது என்ற அட்டை. 2016-இல் ஹிலாரியைக் குறை சொன்னவர்கள் எல்லாம் பெண் வெறுப்பாளர்கள் என்று சொல்லிவிட்டால் பேச்சே முடிந்தது.

ஓரப்பார்வை:

‘எவ்வளவு மோசமான பெண்’ என்று ஹிலாரியை லாஸ் வேகாஸ் மேடையில் சொன்ன டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டவர்கள் இதைச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. உங்களைப் போன்றவர்களுக்கு

மட்டுறுத்துநர்:

ஓரப்பார்வை, மீதிப் பாதியை நீக்கியிருக்கிறேன். வேட்பாளர்களைப் பற்றி எழுதுங்கள், சக உறுப்பினர்களைப் பற்றி வேண்டாம். வலதுகைக்காரன், ‘அட்டை’ போன்ற சொற்களும் வேண்டாம். நிதானம் பற்றிய இழையில் நான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

எதிர்வெயில்:

வலதுகைக்காரரே, நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லப்போனால் அடுத்து எழுத வந்தது உங்களுக்குப் பிடிக்கும். 2017 ஜனவரியில் நியூயார்க்கில் ஒரு சோதனை செய்தார்கள். பொருளாதாரப் பேராசிரியர் மரியா குவாடலூப்பும் நாடக ஆசிரியர் ஜோ சால்வடோரும் சேர்ந்து, 2016 விவாதப் பகுதிகளை அப்படியே மேடையேற்றினார்கள். டிரம்ப் பேசியதை ஒரு நடிகையும் ஹிலாரி பேசியதை ஒரு நடிகரும் சொல் மாறாமல், கையசைவு மாறாமல் நடித்தார்கள். பார்வையாளர்கள் பெரும்பாலும் ஹிலாரி ஆதரவாளர்கள். பெண் இப்படிக் குறுக்கிட்டால் யாரும் சகிக்க மாட்டார்கள் என்று நிரூபணமாகும் என எதிர்பார்த்து வந்தார்கள்.

நடந்தது வேறு. பெண் வடிவத்தில் வந்த டிரம்ப் நேராகப் பேசுபவராக, உறுதியானவராகப் பலருக்குத் தெரிந்தார். ஆண் வடிவத்தில் வந்த ஹிலாரியின் புன்னகை பலருக்கு எரிச்சலூட்டியது. தங்களுக்கே இது அதிர்ச்சி என்று பலர் சொன்னார்கள். ஒரு அரங்கு, சில காட்சிகள், இதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் பெயரையும் முகத்தையும் மாற்றியதும், அதே கையசைவைப் பற்றி அதே ஆட்களின் தீர்ப்பு ஆட்டம் கண்டது. ‘நான் பார்த்ததைத்தான் சொல்கிறேன்’ என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

வலதுகைக்காரன்:

சரி, இது எனக்குத் தெரியாது. பிடித்திருக்கிறது.

சும்மாவந்தவன்:

பிடிக்காமல் இருக்குமா.

திண்ணைவாசி:

நான் கேட்ட விஷயத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை, நானே தொடங்குகிறேன். தன் ஆள் தோற்றார் என்று தன் ஆட்களே சொன்ன இரவுகள்.

முதலில் 2012 அக்டோபர் 3, டென்வர். ஒபாமா குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தார். ரோம்னி சுறுசுறுப்பாக இருந்தார். கேலப் நிறுவனத்தின் கணிப்பில் ரோம்னிக்கு 72, ஒபாமாவுக்கு 20. ஜனநாயகக் கட்சியினரிடமே ரோம்னிதான் நன்றாகச் செய்தார் என்றவர்கள் அதிகம்.

அடுத்தது 2024 ஜூன் 27, அட்லாண்டா. பைடனின் குரல் கம்மியிருந்தது, வாக்கியம் பாதியில் அறுந்தது. சிஎன்என் உடனடிக் கணிப்பு 67க்கு 33 என்று டிரம்ப் பக்கம். விவாதம் முடிவதற்குள்ளேயே ஜனநாயகக் கட்சிக்குள் கலக்கம் தொடங்கிவிட்டது. ஜூலை 21-இல் விலகினார்.

செப்டம்பரில் ஹாரிஸுக்கு 63, டிரம்ப்புக்கு 37. உள்ளே பிரித்துப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். ஹாரிஸ் ஆதரவாளர்களில் 96 சதவீதம் அவரே நன்றாகச் செய்ததாகச் சொன்னார்கள். டிரம்ப் ஆதரவாளர்களில் டிரம்ப் நன்றாகச் செய்தார் என்றவர்கள் 69 சதவீதம்தான். எனக்கு அந்த 96 ஒன்றும் சொல்லவில்லை, வென்ற தரப்பு கைதட்டத்தான் செய்யும். மற்ற தரப்பில் கழன்ற அந்த முப்பது சொச்சம்தான் தகவல்.

இவற்றை அடுக்கிப் பார்த்ததும் கண்ணில் பட்டது இது. தன் ஆள் சோர்ந்திருந்தார், தடுமாறினார், தூண்டிலில் மாட்டினார் என்று ஆதரவாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். தன் ஆள் அநாகரிகமாக நடந்தார் என்று மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. பலவீனம் தெரிந்தால் நமக்கு வலிக்கிறது. முரட்டுத்தனம் நமக்காகச் செய்தது போலத் தெரிகிறது.

பழையரேடியோ:

அழகான வாதம், ஆனால் இரண்டு இடத்தில் ஓட்டை. 2020 கிளீவ்லாந்து முடிந்ததும், டிரம்ப்பின் ஒத்திகைக்கு உதவிய கிறிஸ் கிறிஸ்டியே தொலைக்காட்சியில் டிரம்ப் தரப்பு ரொம்பச் சூடாக இருந்தது என்றார். 2000-இல் கோரின் உதவியாளர்களே அவரைப் பகடி செய்த தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டி, பாருங்கள், இப்படித் தெரிகிறீர்கள் என்றார்கள். அடுத்த விவாதத்தில் கோர் எல்லாவற்றுக்கும் தலையாட்டும் அளவுக்கு அடங்கிப்போனார். இவையெல்லாம் முரட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டது இல்லையா?

திண்ணைவாசி:

அதை நானும் யோசித்தேன். இரண்டிலும் பேசியது யார்? உள்வட்டத்தில் இருந்து ஓட்டுகளை எண்ணுகிறவர்கள். ‘இப்படி நடந்தது தப்பு’ என்று அவர்கள் சொல்லவில்லை, ‘முடிவெடுக்காத வாக்காளரிடம் இது எடுபடாது’ என்று சொன்னார்கள். கூட்டத்தில் கொடி பிடிப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. அதனால் என் வாக்கியத்தைத் தொண்டர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஓரப்பார்வை:

இவ்வளவு ஆராய்ச்சியும் எதற்கு? விவாதத்தில் வென்று தேர்தலில் தோற்றவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். 2004-இல் முதல் விவாதத்தைக் கெர்ரி வென்றார், தேர்தலைத் தோற்றார். டென்வரில் ரோம்னி வென்றார், நவம்பரில் தோற்றார். 2016-இல் சிஎன்என் கணிப்புகளில் மூன்று விவாதமும் ஹிலாரிக்கு, வெள்ளை மாளிகை மற்றவருக்கு. 2024 செப்டம்பர் கதையும் அதேதான். எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று முடிவு செய்துவிட்டவர்கள் முகத்தைப் பார்த்து மாறுவதில்லை.

எதிர்வெயில்:

அட்லாண்டாவை விட்டுவிட்டீர்களே. வேட்பாளரே மாறினார்.

ஓரப்பார்வை:

வாக்காளர் மாறி அல்ல. கட்சித் தலைவர்களும் நன்கொடையாளர்களும் பதறி.

எதிர்வெயில்:

அப்படியானால் விவாதம் உண்மையில் யாருக்காக நடக்கிறது என்பதே வேறு கேள்வி ஆகிறது. நீங்கள் சொன்ன வரிசைக்கு எதிர்ப்பாட்டும் உண்டு. 1984 லூயிவில் விவாதத்தில் ரேகன் களைத்துத் தெரிந்தார், வயதைப் பற்றிக் கேள்வி எழுந்தது. இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 21, கான்சஸ் சிட்டியில், எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியல் லாபத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று ஒரு போடு போட்டார். எதிரே நின்ற மாண்டேலே சிரித்துவிட்டார். அந்த நொடியிலேயே தோற்றுவிட்டது தெரிந்தது என்ற பொருளில் பின்னாளில் சொன்னார். அந்த விவாதத்தை வைத்தும் ஒரு ஆய்வு உண்டு. ஃபைன், கோதல்ஸ், கூக்லர் என்ற உளவியலாளர்கள் அரங்கச் சிரிப்பை வெட்டிவிட்டு அதே காட்சியை வேறு ஆட்களுக்குக் காட்டியபோது ரேகனுக்குக் கிடைத்த மதிப்பு இறங்கியது. அதாவது அவருடைய அலட்டாத தோற்றத்தில் ஒரு பங்கு அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுடையது.

வலதுகைக்காரன்:

இதனால்தான் 2024 ஜூனில் அரங்கில் ஆளே வேண்டாம், மைக்கையும் அணைத்துவிடலாம் என்ற விதியைப் பைடன் தரப்பு கேட்டு வாங்கியது. டிரம்ப் குறுக்கே பேசிக் கெடுத்துவிடுவார் என்ற பயம். கடைசியில் மைக் அணைந்திருந்ததால் டிரம்ப் அடக்கமானவராகத் தெரிந்தார், பைடனுக்கு மறைந்துகொள்ள இரைச்சலே இல்லை. செப்டம்பரில் ஹாரிஸ் தரப்பு மைக்கைத் திறந்தே வையுங்கள் என்று கேட்டது, கிடைக்கவில்லை. பொத்தானை யார் கையில் கொடுத்தால் நிதானம் யாருக்குப் போகும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

சும்மாவந்தவன்:

இரண்டு பேருமே நிதானமாக இருந்தால் என்ன ஆகும்? 2024 அக்டோபர் 1, துணை அதிபர் வேட்பாளர்கள் வான்ஸும் வால்ஸும். கைகுலுக்கல், ‘இதில் உங்களோடு உடன்படுகிறேன்’, எல்லாம் நடந்தது. சிஎன்என் கணிப்பில் 51க்கு 49 என்று வான்ஸ். சந்தோஷப்பட்டார்களா என்றால் இல்லை. வால்ஸ் ஏன் இவ்வளவு தலையாட்டினார், ஏன் பாயவில்லை என்று அவருடைய ஆட்களே புலம்பினார்கள். வான்ஸின் மரியாதை வெறும் மேல்பூச்சு என்று சொன்னவர்களும் அவர்கள்தான். ஆக மரியாதையும் தப்பு, அதுவும் இரண்டு விதமாக.

ஓரப்பார்வை:

மேல்பூச்சுத்தான். ஆதாரம் வேண்டுமானால் தருகிறேன், ஆனால் மட்டுறுத்துநர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வேறு ஒன்று சொல்கிறேன். வலதுகைக்காரர் சொன்னதற்காக அந்த டான்வில் விவாதத்தை இன்று ஒலியை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பைடன் சிரிக்கிறார், உண்மை. ஆனால் ரயன் எத்தனை முறை தண்ணீர்க் கோப்பையை எடுக்கிறார் என்று கவனித்தீர்களா? எடுக்கிறார், குடிக்கிறார், வைக்கிறார், மறுபடி எடுக்கிறார். பயங்கரப் பதற்றம்.

வலதுகைக்காரன்:

தாகம்.